கண்ணாடிக்காரர் பிக்கப் மாற்றிய கதை

கண்ணாடிக்காரரிடம் பொய் சொல்லித் தப்பிப்பது கடினம். இருபத்தாறு வருஷமாக அவருடைய வேலையே அதுதான். கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறை, அதில் ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கில் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகச் செருகி, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பார். முதல் ஐந்தாறு வில்லை வரைக்கும் ஜனங்கள் உண்மை பேசுவார்கள். அதற்கு மேல் அலுப்பு வந்துவிடும். எழுந்து போனால் போதுமென்று "இதுதாங்க, இதுதான்" என்பார்கள். இன்னும் சிலர், பாவம் மனுஷன் இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று இரக்கப்பட்டுச் சொல்வார்கள்.

இவர்களுக்கென்றே அவர் தனியாக ஒரு வில்லை வைத்திருந்தார். பவரே இல்லாத வெறும் கண்ணாடி. அதைச் செருகிவிட்டு "இப்ப?" என்பார். "அடடா, இப்பதாங்க பளிச்சுனு இருக்கு" என்று பதில் வந்தால், எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, "போய் முகத்தக் கழுவிட்டு வாங்க. முதல்லருந்து பாப்போம்" என்பார்.

இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரரைத்தான் அவருடைய சொந்த மச்சான் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லி, பதினாலு மாசம் நாயாக அலைய விட்டார்.

கண்ணாடிக்காரர் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர். ஐம்பத்து மூன்று வயதில், முன்மண்டை வழுக்கையோடு, மூக்குக் கண்ணாடிக் கயிறு கழுத்தில் ஆட வாசிப்பவர். அவரையும் சேர்த்து நாலு பேர் கொண்ட குழு அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சானின் பட்டறையில் கூடுவார்கள். மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன்; பழுதான ஃபிரிட்ஜ்களைச் சரிபார்ப்பது தொழில். கதவு கழன்ற ஃபிரிட்ஜ்களுக்கு நடுவே ஒரு மூலையில் நின்று பேஸ் கிட்டார் வாசிப்பார். கண்ணாடிக்காரர் தன் வாசிப்பைக் காலடியில் வைத்த ஒரு குட்டி ஸ்பீக்கரில் கேட்டுக்கொள்வார்; வீட்டிலும் அதுதான். எல்லோருடைய சத்தத்தையும் கூட்டிக் குறைத்துப் பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸர் பலகை மச்சான் பக்கத்தில்தான் இருக்கும். அதை வேறு யாரும் தொடக் கூடாது, தொட்டால் ஃபியூஸ் போய்விடும் என்று அவர் எப்போதோ சொல்லி வைத்ததை யாரும் சந்தேகப்பட்டதில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் ஒரு பல் டாக்டர். பாடுபவர் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற அம்மாள். அவர் குரலுக்கு ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. பணி ஓய்வு விழா, பள்ளி ஆண்டு விழா, சங்கக் கூட்டம் என்று வருஷத்துக்கு ஏழெட்டு இடங்களில் வாசிப்பார்கள். கூப்பிட்டவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். அந்த அளவுக்கு மோசமில்லை.

வினை ஒரு கைபேசியில் வந்தது. ஒரு விழாவில் யாரோ பதிவு செய்ததை வாடிக்கையாளர் ஒருவர் கடைக்குக் கொண்டுவந்து, "நீங்களா சார் இது!" என்று காட்டினார். கண்ணாடிக்காரர் பெருமையோடு குனிந்து கேட்டார். டிரம்ஸ் கேட்டது. பேஸ் கேட்டது. அம்மாளின் குரல் கணீரென்று கேட்டது. நாலாவது பாட்டில் அரை நிமிஷம் கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. அங்கே திரையில் அவர் கண்ணை மூடி, தோளைக் குலுக்கி, விரலைப் பறக்க விட்டுக்கொண்டிருந்தார். சத்தத்தைக் காணோம். அரை நிமிஷமும் டிரம்ஸும் பேஸும் யாருக்கோ காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கு சார்" என்றார் வாடிக்கையாளர்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு அவர் நேரே பட்டறைக்குப் போனார். மச்சான் ஒரு கம்ப்ரஸரை மடியில் வைத்து மல்லாடிக்கொண்டிருந்தார்.

"மச்சான், என் கிட்டார் கேக்கவே இல்லயே. ஏன்?"

மச்சான் தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் திருப்புளியைத் திருகினார். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "பிக்கப் சரியில்ல மாப்ள. அந்த பிரிட்ஜ் பிக்கப்ப மாத்திப் பாருங்க."

பிக்கப் என்பது கிட்டார் கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் காந்தக் கட்டை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். கம்பிகள் வந்து உட்காரும் கடைக்கோடிப் பாலத்தை ஒட்டி இருப்பது பிரிட்ஜ் பிக்கப். தனி வாசிப்புக்கு எல்லோரும் அதைத்தான் நம்புவார்கள். கண்ணாடிக்காரருடையது ஹம்பக்கர் வகை. இரண்டு கம்பிச் சுருள் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடக்கிவிடும். நல்ல தம்பதிகள் மாதிரி என்று சொல்லலாம். ஆனால் அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

மச்சான் அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார். தங்கை புருஷனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கைபேசியும் கையுமாக உட்கார்ந்தார். உலகத்தில் பிரிட்ஜ் ஹம்பக்கர் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி, எழுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டார். வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தால் தலை சுற்றியது. ஒருவன் "வெண்ணெய் மாதிரி இருக்கிறது" என்றான். இன்னொருவன் அதே பிக்கப்பை "ஐஸ் துண்டு மாதிரி" என்றான். மூன்றாவது ஆள் "கொஞ்சம் இருட்டு, ஆனால் இனிப்பு" என்று எழுதியிருந்தான். காதில் விழுவதை நாக்காலும் கண்ணாலும் சொல்லும் இந்தக் கூட்டத்தின் நடுவில், எண்களை நம்பிப் பிழைத்த மனுஷன் எதைப் பிடித்துக்கொள்வார்? எண்ணைத்தான். சுருளின் மின்தடை எட்டாயிரம் ஓம் என்றால் சாது, பதினாறாயிரம் என்றால் முரடு. காந்தம் அல்நிகோ என்றால் இதம், செராமிக் என்றால் காரம். நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்கிற சின்ன அளவுகோலால் கிட்டாரின் முதல் கம்பியிலிருந்து கடைசிக் கம்பி வரையுள்ள அகலத்தை அளந்து, ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று குறித்தார். ஒரு வாடிக்கையாளரின் சீட்டிலும் தவறுதலாக அதையே குறித்துவிட்டார். நல்லவேளை, இத்தனை பெரிய சட்டத்துக்கு இத்தனை நெருக்கத்தில் கண்ணா என்று கண்ணாடி தயாரிக்கும் இடத்திலிருந்து போன் செய்து கேட்டார்கள்.

முதலில் வாங்கியது நடுத்தரமான ஒன்று, அல்நிகோ காந்தம். சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பற்றவைத்தார். நாலு வண்ண ஒயர்களில் இரண்டை மாற்றிப் பற்றவைத்துவிட்டதில், கிட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி பேசியது. இரண்டு சுருளும் ஒன்றை ஒன்று அடித்துத் தின்றுகொண்டிருந்தன. கழற்றினார், சுட்டுக்கொண்டார், மறுபடி வைத்தார்.

பிறகு வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்து காலை நீட்டியிருந்தாள். மனைவி கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவர் கையால் அரை மார்க் கூடுதலாக வாங்கினவர் கிடையாது என்பார்கள். தலைமையாசிரியரின் மகனையே பெயிலாக்கியவர். அன்றைக்கும் விடைத்தாள் கட்டோடுதான் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப வாசிக்கிறதா, முன்ன வாசிச்சதா? எது நல்லா இருக்கு?"

"முன்ன வாசிச்சது ஒரு மணி நேரத்துக்கு முன்னாடிப்பா" என்றாள் மகள். "அதுக்குள்ள ஒரு குட்டித் தூக்கமே போட்டுட்டேன்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த விடைத்தாளை எடுத்தார். அவர் வாசிப்பைப் பற்றி இத்தனை வருஷத்தில் டீச்சர் சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான். நல்லா இருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

கண்ணாடிக்காரருக்கு உள்ளுக்குள் இருந்த ஆசை பெரிதொன்றும் இல்லை. கைதட்டல் கூட வேண்டாம். தான் வாசிக்கிறது இந்த உலகத்தில் யாராவது ஒருத்தர் காதில் விழ வேண்டும். அந்த அரை நிமிஷ மௌனத்தைப் பார்த்த நாளிலிருந்து, தான் இல்லாமலே தன் வாழ்க்கை நன்றாக நடந்துகொண்டிருக்கிறதோ என்று அவருக்குப் பயம் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. பிக்கப்பைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற மாதிரி கேட்டு, "பரவால்ல மாப்ள. ஆனா இன்னும் கொஞ்சம் பவர் வேணும்" என்றார். அடுத்தது பதினாலாயிரம் ஓம் வந்தது, அதுவும் அல்நிகோ. "கிட்ட வந்துட்டீங்க" என்றார். கைபேசியில் பதிந்து பார்த்தால் கேட்கவில்லையே என்று கேட்டதற்கு, "போன்ல கிட்டார் எங்க மாப்ள பதியும்?" என்றார். அம்மாள் குரல் மட்டும் எப்படிப் பதிகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கெட்டிக்காரர்களுக்கு வேண்டிய நேரத்தில் புத்தி வேலை செய்வதில்லை.

மூன்றாவதாக வந்தது செராமிக் காந்தம், பதினாறாயிரம் ஓம், பார்த்தாலே பயமாக இருக்கும் கறுப்புக் கட்டை. அதை மாட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கே சலித்துப் போயிருக்க வேண்டும். இதற்கு மேல் இந்த மனுஷனை அலைக்கழித்தால் பாவம் சேரும் என்று நினைத்தாரோ என்னவோ, பாட்டு முடிந்ததும் பேஸைக் கீழே வைத்துவிட்டு உரக்கச் சொன்னார்: "அடேயப்பா! இப்பதான் மாப்ள பளிச்சுனு கேக்குது!"

பல் டாக்டர் உடனே, "ஆமா ஆமா, இப்பதான்" என்றார். அம்மாள், "இதையே வச்சுக்கோங்க அண்ணா" என்றார்.

கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே கிட்டாரைப் பையில் போட்டார். பஸ்ஸில் பாதி வழி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இப்பதான் பளிச்சுனு. இந்தச் சொல்லை அவர் இருபத்தாறு வருஷமாக இருட்டறையில் கேட்டுக்கொண்டிருக்கிறார். எந்தக் குரலில் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். மூன்று பேரும் சேர்ந்து அந்தக் குரலில்தான் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாலாவது பாட்டில் தனி வாசிப்பு நெருங்கியபோது, கண்ணாடிக்காரர் சுண்டு விரலால் கிட்டாரின் வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகினார். பிறகு கண்ணை மூடினார், தோளைக் குலுக்கினார், விரலைப் பறக்க விட்டார். ரப்பர் பேண்டைச் சுண்டுகிற சத்தம் அவர் வயிற்றுக்கு மட்டும் கேட்டது. அரை நிமிஷம் அப்படி வாசித்துவிட்டுக் குமிழை மறுபடி ஏற்றிப் பாட்டை முடித்தார்.

"பின்னிட்டீங்க மாப்ள!" என்றார் மச்சான்.

"அந்த எடத்துல எனக்கே சிலிர்த்துருச்சு" என்றார் பல் டாக்டர். அவர் மேல் தப்பில்லை. டிரம்ஸ் அடிப்பவருக்கு டிரம்ஸ்தான் கேட்கும். அம்மாளுக்கு அம்மாளின் குரல் கேட்கும். நல்ல மனசுக்காரர்கள், நல்ல வார்த்தை சொல்லிப் பழகியவர்கள்.

கண்ணாடிக்காரர் அவர்கள் இரண்டு பேரும் போகிற வரைக்கும் ஒயர் சுருட்டுகிற பாவனையில் காத்திருந்தார். பிறகு நேரே மிக்ஸர் பலகைக்குப் போனார். மச்சான் "மாப்ள, ஃபியூஸ்..." என்று எழுந்தார். அதற்குள் அவர் குனிந்துவிட்டார். நாலு வரிசை. ஒவ்வொன்றுக்கும் கீழே காகிதம் ஒட்டி எழுதியிருந்தது: டிரம்ஸ், பேஸ், பாட்டு, மாப்ள. மாப்ளையின் சத்தத்தை மேலும் கீழும் நகர்த்தும் குமிழ் அடியோடு அடியாக இறங்கிக் கிடந்தது. தற்செயலாகக் கூட மேலே போய்விடாமல் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. புது டேப் இல்லை. ஓரமெல்லாம் சுருண்டு, தூசி ஏறி, பலகையோடு பலகையாகிவிட்டிருந்தது.

"எத்தன வருஷம்?"

மச்சான் ஒரு ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒம்போது."

"ஒம்போது வருஷமா! அப்ப எதுக்கு மச்சான் என்னை பிக்கப் மாத்தச் சொன்னீங்க?"

"திடீர்னு வந்து கேட்டீங்க. வாயில வந்தத சொன்னேன். நீங்க இப்படி ஆராய்ச்சி பண்ணுவீங்கன்னு நான் கண்டேனா?" மச்சானின் குரல் இறங்கியது. "நானா செய்யல மாப்ள. என் தங்கச்சி சொன்னா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கண்ணாடிக்காரருக்கு உடம்பு கொதித்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கொதிப்பு அடங்கி, அதைவிட மோசமான ஒன்று, அவமானம், வந்து உட்கார்ந்தது. டீச்சர் விடைத்தாளோடு இருந்தார். கண்ணாடிக்காரர் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"டேப்பப் பாத்துட்டேன்" என்றார்.

டீச்சர் பேனாவை மூடினார். மறுக்கவில்லை, அவருக்கு மறுக்க வராது.

"முதல் தடவ மேடையில வாசிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? தனி வாசிப்பு முழுவதையும் கிட்டார்க் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளி விரல் வைத்து, எல்லாச் சுரமும் பிசகாகத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்திருந்தார். முன்வரிசையில் சிரித்தார்கள்.

"வந்து கிட்டாரக் கட்டிலுக்கு அடியில தள்ளுனீங்க. நாலு மாசம் யார்கூடவும் பேசல. கடையில ஒருத்தருக்கு வலது கண் வில்லைய இடது பக்கம் மாட்டி அனுப்பிட்டீங்க. சோத்துல கை வச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பீங்க. அப்புறம் ஒரு நாள் நீங்களா எடுத்து வாசிச்சீங்க. எனக்கு உசுரு வந்துச்சு." டீச்சர் நிறுத்தி, விடைத்தாளின் ஓரத்தை நிமிண்டினார். "அண்ணன்கிட்டப் போய்ச் சொன்னேன். அவரு வாசிக்கட்டும், ஆனா யாரு காதுலயும் விழ வேண்டாம். இன்னொரு தடவ யாராவது சிரிச்சா என்னால தாங்க முடியாதுன்னேன்."

"நல்லா இல்லன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"நல்லா இல்லன்னு எப்பங்க சொன்னேன்?"

அவருக்கு அழுகை வந்தது, முகம் கழுவப் போகிற மாதிரி எழுந்து போனார்.

மறுநாள் கடையிலிருந்து மச்சானுக்குப் போன் செய்து இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, டேப்பைக் கிழித்துவிட வேண்டும். இரண்டு, சனிக்கிழமை மத்தியானம் பட்டறையில் மச்சான் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

சனிக்கிழமை நாலு பிக்கப்பையும் ஒவ்வொன்றாக மாட்டி, மிக்ஸரில் தன் குமிழைப் பாதிக்கு மேல் ஏற்றி, பெரிய ஸ்பீக்கரில் வாசித்தார். ஒன்பது வருஷத்தில் முதன்முறையாகத் தன் கிட்டாரின் குரலை அறை நிறையக் கேட்டார். செராமிக் கட்டை ஃபிரிட்ஜ் கதவுகளையெல்லாம் நடுங்க வைத்தது, பல்லுக்குள் குடைந்தது. கிட்டாரோடு வந்த பழைய பிக்கப்பே போதும் என்று ஆகியிருந்தால் கதைக்கு அழகாக இருந்திருக்கும். அப்படி ஆகவில்லை. அது நிஜமாகவே சுமார்தான். மச்சான் வாயில் வந்த பொய்யில் கால்வாசி உண்மை இருந்தது. முதலில் வாங்கிய நடுத்தர அல்நிகோ, சாதுவாக இருக்கிறது என்று டிராயரில் போட்டாரே, அது மட்டும் தடுமாறினால் தடுமாறியதாகவும் சரியாக வாசித்தால் சரியாகவும் சொன்னது. யாரையும் எதுவும் கேட்காமல் அதைப் பற்றவைத்தார். மச்சான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பேசாமல் இருப்பது அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து நூலகத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா. முந்நூறு நாற்காலி, எல்லாம் நிறைந்திருந்தன. டீச்சர் மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். நாலாவது பாட்டு வந்தது. மச்சான் மிக்ஸரில் குமிழை ஏற்றிவிட்டு, தங்கச்சி இருந்த பக்கம் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கிட்டார் ஒலித்தது. கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கண்ணாடிக்காரர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. விரல் ஓடியது. இரண்டாவது முறை மேலே ஏறுகிற இடத்தில் ஒரு விரல் பிசகி, ஒரு சுரம் தப்பாக விழுந்து, நீண்டு, எல்லோர் காதிலும் போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் காது மெஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அரை நிமிஷம் முடிந்துவிட்டது.

விழா முடிந்ததும் மச்சான் "சூப்பர் மாப்ள" என்றார். பல் டாக்டர் "பின்னிட்டீங்க" என்றார். கண்ணாடிக்காரர் தலையாட்டிவிட்டு, கிட்டார்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டீச்சரோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நூலகத்தின் இரும்புக் கேட்டையும் மருந்துக் கடையையும் தாண்டினார்கள்.

"ரெண்டாவது தடவ மேல போறப்ப ஒரு எடம் தப்பு" என்றார் டீச்சர்.

அவர் நின்றுவிட்டார். "கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு."

"எந்த எடம்? சரியாச் சொல்லு."

டீச்சர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு, பாடியே பழக்கமில்லாத அந்தக் கரகரத்த குரலில், தெருவில் நடந்தபடியே, தனி வாசிப்பை முதல் சுரத்திலிருந்து முனக ஆரம்பித்தார். ஓர் இடம் விடவில்லை. கண்ணாடிக்காரர் இழுக்கிற இடத்தில் இழுத்தார், நிறுத்துகிற இடத்தில் மூச்சு விட்டார். இரண்டாவது முறை மேலே ஏறும் இடம் வந்ததும் நின்று, கணவரின் முகத்தைப் பார்த்து, அந்தச் சுரத்தை எப்படி வாசித்திருக்க வேண்டுமோ அப்படிப் பாடிக் காட்டினார்.